உயிருள்ள செல்லுக்குள் ஒரு மூலக்கூறைப் பார்ப்பது எப்படி?

(மன்னார்குடியில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில், இயற்பியல் துறையின் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. ஒலிநாடாவிலிருந்து எழுதி, பேச்சாளரின் சிறு திருத்தங்களுடன் வெளியிடப்படுகிறது.)



சங்கச் செயலாளர் என்னிடம் இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, இருபது நிமிஷத்துக்கு மேல் பேசக்கூடாது, சமையல்காரர் இலை போட்டுவிடுவார். இரண்டாவது, வந்திருக்கிற குடும்பத்தாருக்கும் புரியவேண்டும். முதல் நிபந்தனையைக் காப்பாற்றுவேனா என்பது சந்தேகம்தான். இரண்டாவதுக்கு முயற்சி செய்கிறேன்.

பெங்களூரில் பல ஆண்டுகளாக நுண்ணோக்கிகளோடு பிழைப்பு நடத்துகிறவன் நான். "மைக்ராஸ்கோப்பில் அப்படி என்னப்பா பார்க்கிறே?" என்று ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்கிறார்கள். அதற்கான பதில்தான் இந்தப் பேச்சு.

நாம் எல்லோருமே ஒரு தடவையாவது வெங்காயத் தோலை உரித்து, சாஃப்ரனின் சாயம் விட்டு, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்திருப்போம். கட்டம் கட்டமாகச் செல்கள் தெரியும். நடுவில் ஒரு புள்ளி, நியூக்ளியஸ். படம் வரைந்து, பாகம் குறித்து, கையெழுத்து வாங்கினோம். ஆனால் நிலையான ஸ்லைடுகளில் நாம் பார்ப்பது செத்த செல். மருந்து போட்டு, அப்படியே உறையவைத்து, சாயமேற்றிய பிணம். எலெக்ட்ரான் நுண்ணோக்கி இன்னும் ஆயிரம் மடங்கு நுட்பமாகக் காட்டும், ஆனால் வழக்கமான முறையில் அது வெற்றிடத்தில் வேலை செய்வது; அதற்குள் உயிர் தங்காது. ஆகவே உயிரோடு இருக்கும்போதே ஒரு செல்லுக்குள் என்ன நடக்கிறது, எந்தப் புரதம் எங்கே போகிறது, எது எதோடு சேர்கிறது என்று பார்க்கவேண்டுமென்றால் நமக்கு இருக்கிற வழி சாதாரண ஒளிதான். அந்த ஒளிக்கு ஒரு எல்லை உண்டு.

அந்த எல்லையைச் சொல்ல ஹரித்ரா நதியை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனித் தெப்பத்தன்று இரவு இக்கரையில் நின்றுகொண்டு அக்கரைப் படிக்கட்டைப் பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு அகல் விளக்கு இருந்தால், நம் கண்ணுக்கு ஒரே வெளிச்சப் பொட்டாகத்தான் தெரியும். கண்ணாடி போட்டாலும் ஓரளவுக்கு மேல் பிரியாது. நுண்ணோக்கிக்கும் இதே கதி. ஒளி அலையாக இருப்பதால், எவ்வளவு உயர்ந்த லென்ஸ் வைத்தாலும் ஒரு புள்ளி கொஞ்சம் பரவித்தான் விழும். ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் அபே 1873-லேயே இதைக் கணக்கிட்டுச் சொல்லிவிட்டார். அலைநீளத்தில் ஏறத்தாழ பாதி, அதாவது சுமார் 200 நானோமீட்டர், அதற்குக் கீழே இரண்டு புள்ளிகள் ஒன்றாகிவிடும். ஒரு சராசரிப் புரத மூலக்கூறின் அகலம் 5 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு பொட்டுக்குள் நாற்பது புரதங்கள் வரிசையாக உட்காரலாம். நமக்கு ஒன்றாகத்தான் தெரியும்.

ஆக இரண்டு பிரச்சினை. நமக்கு வேண்டிய மூலக்கூறின் தலையில் மட்டும் விளக்கு ஏற்றவேண்டும். பிறகு பக்கத்துப் பக்கத்து விளக்குகளைப் பிரித்தறிய வேண்டும்.

விளக்கு கடலிலிருந்து வந்தது. ஒசாமு ஷிமோமுரா என்ற ஜப்பானியர் 1961 கோடையில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் சுமார் பத்தாயிரம் ஜெல்லி மீன்களைப் பிடித்து, ஓரத்தை மட்டும் வெட்டிப் பிழிந்து, அவை ஏன் ஒளிர்கின்றன என்று தேடினார். அந்தத் தேடலில் உபரியாகக் கிடைத்ததுதான் பச்சையாக ஒளிரும் ஒரு புரதம். அதன் விசேஷம், அதற்கு வேறு எந்தச் சாயமும் வேண்டாம். 238 அமினோ அமிலங்களைச் சரியாகக் கோத்துவிட்டால், காற்றிலுள்ள ஆக்சிஜனைத் துணைகொண்டு தானே விளக்காகிவிடும். அப்படியானால் அதன் ஜீனை எடுத்து, நமக்கு வேண்டிய புரதத்தின் ஜீனோடு ஒட்டவைத்தால், செல்லே அந்தப் புரதத்தை விளக்கோடு தயாரித்துக் கொடுக்கும்! 1992-இல் டக்ளஸ் பிராஷர் அந்த ஜீனைப் பிரித்தெடுத்தார். 1994-இல் மார்ட்டின் சால்ஃபி அதைப் பாக்டீரியாவிலும் ஒரு சிறு புழுவிலும் போட்டு ஒளிரவைத்தார். ரோஜர் சியன் நீலம், மஞ்சள் என்று பல வர்ணங்களை உண்டாக்கினார். 2008-இல் ஷிமோமுரா, சால்ஃபி, சியன் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பிராஷர்? ஆய்வுக்குப் பணம் நின்றுபோய், வேலையும் போய், அந்தப் பரிசு அறிவிக்கப்பட்ட நாளில் அலபாமாவில் ஒரு கார் விற்பனைக் கடையில் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஜீனைக் கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் அனுப்பிவைத்தவர் அவர். சால்ஃபியும் சியனும் தங்கள் செலவில் அவரைப் பரிசளிப்பு விழாவுக்கு அழைத்துப் போனார்கள். எனக்கு அந்த நோபல் பரிசை விட இந்தச் செய்திதான் மனதில் நிற்கிறது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

இரண்டாவது பிரச்சினைக்கு இரண்டு பேர் இரண்டு வழி கண்டார்கள். ருமேனியாவில் பிறந்த ஸ்டெஃபான் ஹெல் 1994-இல் சொன்ன யோசனை இது: ஒரு லேசரால் விளக்குகளை ஏற்று, உடனே இன்னொரு லேசரால் சுற்றியிருப்பதை அணை. அந்த இரண்டாவது லேசரின் வடிவம் மெதுவடை மாதிரி, நடுவில் ஓட்டை. ஓட்டைக்குள் இருக்கும் விளக்கு மட்டும் மிஞ்சும். ஓட்டையைச் சிறிதாக்கச் சிறிதாக்கப் படம் நுணுக்கமாகும். மற்றவர் எரிக் பெட்சிக். ஆய்வையே விட்டுவிட்டுத் தன் தகப்பனார் நடத்திய இயந்திரக் கம்பெனியில் சில வருஷம் வேலை பார்த்தவர். திரும்பி வந்து, ஹரால்ட் ஹெஸ் என்ற நண்பர் வீட்டுக் கூடத்திலேயே கருவியைக் கட்டினார். அவர் வழி இன்னும் எளிது. எல்லா அகல் விளக்கையும் ஒரேயடியாக ஏற்றாதே. அங்கொன்று இங்கொன்றாக ஏற்று, ஒவ்வொன்றின் நடுப்புள்ளியையும் குறித்துக்கொள், அணை, வேறு சிலவற்றை ஏற்று. ஆயிரக்கணக்கான தடவை இப்படிச் செய்து எல்லாக் குறிப்பையும் ஒரே தாளில் வைத்தால் அக்கரைப் படிக்கட்டின் முழு விளக்கு வரிசையும் கிடைத்துவிடும். 2006-இல் இது வெளியானது. ஒற்றை மூலக்கூறு ஒன்றை முதன்முதலில் ஒளியால் இனங்கண்ட மோர்னரையும் சேர்த்து, 2014-இல் இவர்களுக்கு நோபல் பரிசு.

இந்த இடத்தில் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஆயிரம் படம் எடுத்துச் சேர்க்க நேரம் பிடிக்கும். அதுவரை விளக்குகள் நகராமல் இருக்கவேண்டும். செல்லுக்குள் எதுவும் சும்மா நிற்காது. பெட்சிக்கின் முதல் படங்களும் உறையவைத்த செல்களில் எடுத்தவைதான். உயிரோடு, ஓடுகிற ஓட்டத்தில், 5 நானோமீட்டர் விஷயத்தை அறிய இன்னொரு சாமர்த்தியம் வேண்டியிருந்தது. அதை நேர்த்தியாகச் செய்து காட்டியது நம் பக்கத்து மாநிலத்தில், பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில், சத்யஜித் மேயரின் ஆய்வுக்குழு. அதுவும் நான் மேலே சொன்ன சூப்பர் நுண்ணோக்கிகள் வருவதற்கு முன்பே.

"மன்னார்குடி மதிலழகு" என்று நம் ஊருக்குப் பெயர். செல்லுக்கும் மதில் உண்டு. அதைச் சவ்வு என்கிறோம். ஆனால் இது செங்கல் மதில் இல்லை. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நிற்கும், எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டே இருக்கும் மதில். அதில் புரதங்கள் மிதக்கின்றன. தொண்ணூறுகளின் மத்தியில் உலகம் முழுக்க ஒரு சர்ச்சை. இந்தப் புரதங்கள் தாறுமாறாகப் பரவிக் கிடக்கின்றனவா? அல்லது கொலஸ்ட்ரால் சேர்ந்த சின்னச் சின்னத் தெப்பங்களில் கூட்டமாக ஏறி உட்கார்ந்திருக்கின்றனவா? தெப்பம் என்று நான் அழகுக்காகச் சொல்லவில்லை. இலக்கியத்திலேயே அதற்கு அந்தப் பெயர்தான். 1997-இல் கை சைமன்ஸும் எலினா இக்கோனனும் எழுதிய கட்டுரை இதைப் பெரிதாக்கியது. தெப்பம் உண்டு என்று ஒரு கட்சி, கண்ணால் பார்த்தவர் யார் என்று இன்னொரு கட்சி. 200 நானோமீட்டருக்குக் கீழே இருப்பதை எப்படிப் பார்ப்பது?

மேயரும் அவருடைய மாணவர் ரஜத் வர்மாவும் எடுத்துக்கொண்டது ஃபோலேட் ஏற்பி என்ற புரதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்தோடு சேர்த்து ஃபோலிக் அமில மாத்திரை கொடுக்கிறார்களே, அந்த வைட்டமினைப் பிடிக்கும் கை இது. நஞ்சுக்கொடியில் இது நிறைய உண்டு. தாயிடமிருந்து குழந்தைக்கு ஃபோலேட் போவதில் பங்கு வகிக்கிறது. ஃபோலிக் அமிலத்தோடு ஒளிரும் சாயம் ஒன்றை இணைத்து, அந்தக் கையிலேயே விளக்கைக் கொடுத்துவிட்டார்கள். பிறகு அதன் இருப்பிடத்தைப் படமெடுக்க முயலாமல், விளக்குக்குப் பக்கத்தில் விளக்கு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள்.

எப்படி என்றால், ஒரு மைதானத்தில் ஆட்கள் ஆளுக்கொரு திக்கைப் பார்த்து நிற்கிறார்கள். நாம் கிழக்கிலிருந்து ஒரு குரல் கொடுக்கிறோம். கிழக்கு பார்த்து நிற்பவன் காதில்தான் அது விழும். அவன் தனியாக நின்றால் கிழக்கு நோக்கியே பதில் சொல்வான். ஆனால் தோளுரசப் பக்கத்தில் ஒருவன் நின்றால், சேதியை அவனிடம் தள்ளிவிடுவான். அவனோ வடக்கு பார்த்து நிற்கிறான், பதில் வடக்கு நோக்கிப் போகும். பதில் எந்தத் திசையில் வருகிறது என்று அளந்தாலே போதும், தனியாக நிற்கிறவன் எத்தனை, தோளுரசி நிற்கிறவன் எத்தனை என்று சொல்லிவிடலாம். ஆட்களின் முகம் தெரியவேண்டியதில்லை. ஒளியில் இந்தத் திசைக்குத்தான் முனைவாக்கம் என்று பெயர், பி.எஸ்ஸி. ஒளியியலில் நிக்கல் பட்டகம் வைத்துச் செய்தோமே, அதேதான். மூலக்கூறிலிருந்து மூலக்கூறுக்குச் சக்தி கைமாறும் இந்த நிகழ்ச்சியை 1948-இல் தியோடர் ஃபர்ஸ்டர் விளக்கினார். தூரத்தின் ஆறாவது அடுக்கில் அது குறையும்: தூரம் இரட்டித்தால் கைமாறும் வேகம் 64-இல் ஒரு பங்கு. ஆகவே 10 நானோமீட்டர் தாண்டினால் சேதி போகாது. இயற்கை கொடுத்த அளவுகோல்!

வெறும் கூட்ட நெரிசலால் தோளுரசுகிறார்களா, சொந்தக்காரர்கள் சேர்ந்து நிற்கிறார்களா என்று எப்படிப் பிரிப்பது? அதுதான் இந்த ஆய்வின் உயிர்நாடி. வெண்ணெய்த்தாழி அன்று கூட்டம் அதிகமாக இருந்தால் யாரும் யாரையும் உரசுவார்கள். கூட்டம் குறையக் குறைய உரசலும் குறையவேண்டும். அதிகாலையில் நூறு பேர் மட்டும் இருக்கும்போதும் அதே அளவு உரசல் இருந்தால்? அவர்கள் குடும்பம் குடும்பமாக வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். செல்லில் புரதம் நிறைய இருந்தாலும் குறைவாக இருந்தாலும் முனைவாக்கம் மாறவில்லை. கொலஸ்ட்ராலைக் குறைத்தால் மாறியது. 1998-இல் 'நேச்சர்' இதழில் இது வந்தது: 70 நானோமீட்டருக்கும் குறைவான திட்டுகள் இருக்கின்றன என்று.

அதே ஆண்டில் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கென்வொர்தி, எடிடின் இருவரும் இதே சக்திக் கைமாற்றத்தை வேறு விதமாக அளந்து, கூட்டம் எதுவும் பெரிதாகத் தென்படவில்லை, புரதங்கள் பரவிக் கிடக்கின்றன என்றார்கள். யார் சொல்வது சரி? இந்த மாதிரி நேரத்தில்தான் விஞ்ஞானியின் குணம் தெரியும். பெங்களூர்க் குழு கோபப்படாமல் இன்னும் நுணுக்கமாக அளந்தது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஜி. கிருஷ்ணமூர்த்தி, நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில் ஒளிர்வைப் பின்தொடர்ந்து அளப்பதில் வல்லவர். ராமன் ஆராய்ச்சி நிறுவனத்துக் கோட்பாட்டு இயற்பியலாளர் மதன் ராவ், அளவுகளுக்குக் கணக்கு எழுதினார். 2004-இல் விடை வந்தது. பெரும்பாலான புரதங்கள் தனியாகத்தான் இருக்கின்றன. 20 முதல் 40 சதவீதம் மட்டும் கூட்டமாக இருக்கின்றன. ஒரு கூட்டத்தில் நான்கு பேருக்கு மேல் இல்லை. அதன் அகலம் 5 நானோமீட்டருக்குள். ஆக, பரவிக் கிடப்பதாகச் சொன்ன அமெரிக்கர்களின் அளவும் தவறில்லை. பெங்களூரின் கூட்டமும் உண்மை. ஆனால் எல்லோரும் கற்பனை செய்துவைத்த பெரிய தெப்பத்தை இந்தப் புரதங்களிடம் காணோம்.

பிறகு 2008-இலும் 2012-இலும் இவர்கள் காட்டியது எனக்கு இன்னும் பிடித்தது. இந்தக் கூட்டங்கள் எண்ணெய்த் துளி சேர்வதுபோலத் தானாகச் சேரவில்லை. சவ்வுக்கு அடியில் ஆக்டின் என்ற இழைகள் இருக்கின்றன. செல் தன் சக்தியைச் செலவழித்து, அந்த இழைகளைக் கொண்டு, புரதங்களை இழுத்துச் சேர்த்து, கலைத்து, மறுபடி சேர்க்கிறது. செத்த செல்லை எத்தனை லட்சம் மடங்கு பெருக்கினாலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. உயிரோடு பார்த்தால்தான் உண்டு.

சென்ற ஆண்டு வேறொரு ஊர்க் கல்லூரியில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "சார், நீங்க விளக்கு கட்டிவிட்டதால்தான் அது அப்படி நடந்துக்குதுன்னா?" என்று கேட்டார். அருமையான கேள்வி. பச்சை விளக்குப் புரதமே ஓரளவு பெரியது. சின்னப் புரதத்தின் தலையில் அதைக் கட்டினால் ஆட்டுக்குட்டி தலையில் நெல் மூட்டை வைத்த கதை. ஒளியும் சும்மா விடாது. நீல லேசரைத் தொடர்ந்து அடித்தால் சாயம் வெளுக்கும், ஆக்சிஜன் விஷமாக மாறும், செல் சுருண்டு உருண்டையாகிச் செத்துப்போகும். பார்ப்பதே கொல்வதாக முடியும். பளபளவென்று பத்திரிகை அட்டையில் வரும் எத்தனையோ படங்களில் இருப்பது சாகப்போகும் செல். அதனால்தான் குறுக்கே மெல்லிய தகடு போல ஒளியைப் பாய்ச்சி, பார்க்கும் தளத்தை மட்டும் ஒளியூட்டும் முறையெல்லாம் 2004-க்குப் பிறகு பரவியது. கருவி வாங்குகிறவர்கள் எவ்வளவு நுணுக்கமாகத் தெரியும் என்று கேட்கிறார்கள். மறுநாள் செல் உயிரோடு இருக்குமா என்று கேட்பவர் குறைவு.

விளக்கே கட்டாமல் பார்க்க முடியாதா? முடியும். அதற்கு வழி காட்டியவர் நம் காவிரிக் கரைக்காரர். திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமன், கல்கத்தாவில் கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து 1928-இல் கண்டது இது: மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வருகிறது, எவ்வளவு மாறுகிறது என்பது அந்த மூலக்கூறின் அதிர்வைப் பொறுத்தது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் சொந்தக் குரல் இருக்கும்போது கழுத்தில் மணி எதற்கு? ஆனால் அந்தக் குரல் மெத்த மெல்லியது. ஏறத்தாழ ஒரு கோடி ஒளித்துகளில் ஒன்றுதான் நிறம் மாறும். எண்பது ஆண்டு கழித்து, 2008-இல், ஹார்வர்டில் சன்னி ஷீயின் குழு இரண்டு லேசர்களை அந்த அதிர்வுக்குச் சரியாகச் சுருதி கூட்டி, குரலைப் பல்லாயிரம் மடங்கு உயர்த்தி, உயிருள்ள செல்லில் கொழுப்பும் மருந்தும் எங்கே போகின்றன என்று சாயமே இல்லாமல் படமெடுத்தது. அமெரிக்காவில் மூளைக்கட்டி அறுவையின்போது, எடுத்த திசுவை உடனே அங்கேயே பார்க்க இந்த முறை பயன்பாட்டுக்கு வந்திருக்கிறது. அந்தக் கருவியின் ஒவ்வொரு விளம்பரத்திலும் ராமன் பெயர் இருக்கும். ஊர்க்காரன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரத்தான் செய்கிறது.

"இதெல்லாம் கோடி ரூபாய்க் கருவி, மன்னார்குடியில் உட்கார்ந்து எங்களால் என்ன ஆகும்?" என்று கடைசி வரிசையில் ஒரு தம்பி முணுமுணுப்பது காதில் விழுகிறது. உண்மை, உயர்ந்த நுண்ணோக்கி ஒன்று சில கோடி ரூபாய். எந்தக் கல்லூரியும் வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். பெங்களூர் மையத்திலேயே இவை பொதுக் கூடத்தில்தான் இருக்கின்றன. நேரம் குறித்துக்கொண்டு பலரும் பயன்படுத்துகிறார்கள். இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து கோடைக்கால ஆய்வு உதவித்தொகை கொடுக்கின்றன. வழக்கமாக ஆண்டின் இறுதியில் விண்ணப்பம் கேட்பார்கள். மாணவர்களுக்கு மட்டும் இல்லை, ஆசிரியர்களுக்கும் உண்டு. இரண்டு மாதம் நல்ல ஆய்வுக்கூடத்தில் இருக்கலாம். தமிழ் வழியில் படித்தேன், ஆங்கிலம் தடுமாறும் என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: இருட்டறையில் நுண்ணோக்கி முன் உட்கார்ந்தவனிடம் யாரும் ஆங்கிலம் கேட்பதில்லை, சேம்பிள் நகர்ந்துவிட்டதா என்றுதான் கேட்பார்கள். படங்களை அளந்து கணக்கிடும் 'இமேஜ்-ஜே' என்ற மென்பொருள் இலவசம். உலகத்து ஆய்வுக்கூடங்கள் பொதுவில் வைத்திருக்கும் செல் படங்களை இறக்கி, நம் கணிப்பொறி அறையிலேயே அளந்து பழகலாம். கணிதத் துறைப் பிள்ளைகளும் வரலாம்; மதன் ராவ் நுண்ணோக்கி பிடித்து வளர்ந்தவர் இல்லை, கணக்கு பிடித்து வந்தவர்.

சமையல்காரர் வாசலில் வந்து நிற்கிறார், தெரிகிறது. ஒரே ஒரு விஷயம். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் 2014-இல் வெளியிட்ட காகித நுண்ணோக்கி இரண்டு கொண்டுவந்திருக்கிறேன். மடித்துச் செய்வது, 140 மடங்கு பெருக்கும், சட்டைப்பையில் வைக்கலாம். மூலக்கூறு தெரியாது, ஆனால் உயிரோடு ஓடுவது தெரியும். விலங்கியல் துறை மேசையில் வைத்திருக்கிறேன், பக்கத்தில் ஒரு பாட்டிலில் ஹரித்ரா நதித் தண்ணீரும் இருக்கிறது. கையலம்பிவிட்டு வந்து, ஒரு சொட்டு வைத்து, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடியுங்கள். நீர்ப்பாசி நிறைய இருக்கும். அதற்குள்ளே வேகமாக ஓடுவது என்ன என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். விலங்கியல் பேராசிரியர் அங்கேயே இருக்கிறார், அவரைக் கேளுங்கள்.